ஒளியும் மயக்கமும்

ஒளி பொருளைக் காட்டுவது, இருள் மறைப்பது. ஆதலின் ஒளி நன்று, இருள் தீது என உலகத்தார் பொதுவகையாற் கூறுப. ஒளியே மயக்கஞ் செய்யும் இடமும் உண்டுகொல் என்பது ஈண்டு ஆராயற்பாலது.

அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரில், 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், வானளாவி நின்ற இரட்டைக் கோபுரங்கள் வானவூர்திகளான் மோதித் தகர்க்கப்பட்டன. அந்நகரில் மட்டும் இறந்தார் 2,750 பேர்க்கு மேற்பட்டோர். அவர் நினைவாக, 2002ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தொடங்கி ஒரு திங்கள் அளவும், பின்னர் ஆண்டுதோறும் செப்டம்பர் 11ஆம் நாள் இரவும், ஆங்கு ஓர் ஒளிக்காட்சி அமைக்கப்பெற்று வருகின்றது. ஒவ்வொன்றும் 7,000 வாட் ஆற்றலுடைய 88 மின்விளக்குகள், இரண்டு சதுரங்களாக நிறுத்தப்பெற்று, இரண்டு ஒளித்தூண்களை விண்ணில் எழுப்புகின்றன. வானந் தெளிந்த இரவில் அவை 60 மைல் தொலைவிலும் புலப்படும். கல்லும் இரும்பும் இன்றி, அழிந்த கோபுரங்களின் இன்மையையே காட்டி நிற்கும் அவ்வொளி, காண்பார் நெஞ்சை நிலையாமையிற் செலுத்துதல் மறுக்கற்பாலதன்று.

ஆயினும், வடபுலத்துச் சிறு பறவைகள் குளிர்க்கு முன்னர்த் தென்புலம் நோக்கி இரவிற் பறந்து செல்வது அத்திங்களிலேயாம். அவை அத்தூண்களுட் புகுந்து, செல்நெறி மறந்து, கூவிக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்து இளைக்கின்றன. 2017இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, ஏழு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஓரிரவாக ஏழு இரவுகளில், ஏறத்தாழ 11 இலட்சம் பறவைகள் அவ்வொளியின் வயப்பட்டன என மதிப்பிட்டது.

ஈண்டு ஒரு தடை நிகழும். இறந்த மக்கட்கு வாழ்வார் செய்யுங் கடன் பெரிது. பறவையின் அலைவு சிறிது. சிறியது கருதிப் பெரியதைக் குறைத்தல் யாங்ஙனம் பொருந்தும் எனின், அற்றன்று. அக்கடனுக்கு வேர் இரக்கமே. இருக்கும் உயிரை வருத்தி வளரும் இரக்கம் தன் வேரைத் தானே அறுப்பதாம்.

அற்றேல், விளக்கை முற்றும் ஒழித்தலே தக்கதோ எனின், அதுவும் வேண்டா. அந்நகரத்தார் கைக்கொண்ட நெறி ஒன்றுண்டு. பறவையியல் அறிந்தார் இரவு முழுதும் அண்ணாந்து நோக்கி எண்ணியிருப்பர். ஒளியிற் சிக்கியவை 1,000க்கு மேற்படின், விளக்குகள் ஏறத்தாழ 20 நிமிடம் அவிக்கப்படும். அவித்த சில நிமிடங்களுட் பறவைகள் கலைந்து தம் வழிச் செல்கின்றன.

இதனாற் பெறப்படுவது யாது? ஒளி கண்ணுக்குத் துணையாவது பொருளைக் காண்டற்பொருட்டு. தன்னையே கண்டு மயங்கி நிற்றற்பொருட்டன்று. மாயையை, விடியுங்காறும் உதவும் விளக்கோடு ஒப்பிடுதல் நம் நூல்வழக்கு. அவ்விளக்கு வழிகாட்டும் அளவும் துணை. வழியை மறப்பிக்குமாயின் கட்டு. மக்கட்கு நிலையாமையை உணர்த்திய ஒளியே புள்ளினத்துக்கு மயக்கமாயிற்று. ஒளி ஒன்றே, அதனைக் கொள்ளும் உயிரின் நிலை வேறு.

ஆகலின், பொதுவிடத்து விளக்கெடுப்பார் யாவரும், அஃது யார்க்கு வழிகாட்டும் என்பதனோடு, யார் வழியை மறைக்கும் என்பதனையும் ஒருங்கு நோக்குதல் வேண்டும். ஏற்றற்குரிய பொழுதில் ஏற்றலும், அவித்தற்குரிய பொழுதில் அவித்தலும் இரண்டும் அறமே. அவ்விருபது நிமிட இருளில் இறந்தார் நினைவு குறைவதன்று, நிறைவதே என்க.