கூலி கேட்கும் கை

பிள்ளை பெற்றவளுக்கும் பிறந்த பிள்ளைக்கும் துணையிருப்பதே தன் வேலை என்று ஒரு பெண் கண்டுகொண்டால், அதை 'அழைப்பு' என்கிறோம். எல்லாப் பெண்ணுக்கும் அந்தச் சொல்லைத் தருகிறோமா?

தமிழ்நாட்டில் இதற்குப் பெயர்போன கதை ஐடா ஸ்கடருடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க வரச் சொல்லி அந்த இளம்பெண்ணைக் கேட்டார்கள். அவர் மருத்துவரில்லை, அவருடைய அப்பாதான் மருத்துவர். ஆண் தொட்டுப் பார்ப்பதைவிட மனைவி சாகலாம் என்பது கணவர்களின் முடிவு. விடிவதற்குள் மூவரும் இறந்தார்கள். ஐடா மருத்துவம் படித்து 1900இல் திரும்பினார். 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

மகத்தான வாழ்க்கைதான். ஆனால் அந்த மூன்று வீடுகளிலும் மருத்துவச்சி என்று ஒருத்தி அன்றிரவு உட்கார்ந்திருந்திருப்பாள். கதையில் அவளுக்கு இடமில்லை. நம் ஊர்களில் பேறுபார்த்தவர்கள் பெரும்பாலும் முடிதிருத்தும் சாதிப் பெண்கள். கணவன் முடிவெட்டுவான், மனைவி தொப்புள்கொடி அறுப்பாள். கூலி நெல்லும் பழஞ்சேலையும். பிள்ளையை முதலில் ஏந்திய கையைத் தீட்டோடு சேர்த்தே வைத்தது ஊர். அவளுக்குள்ளும் ஒரு குரல் கேட்டிருக்கலாம், யாரும் விசாரிக்கவில்லை. பிறப்பாலேயே அந்த வேலைக்கு எழுதிவைக்கப்பட்டவளிடம் 'உனக்கு விருப்பமா?' என்று எவர் கேட்பார்?

இன்று நகரத்துப் படித்த பெண்கள் இதே துணைக்கு 'டூலா' என்று பெயர் சொல்கிறார்கள். மானுடவியலாளர் டானா ரஃபேல் 1970களில் பரப்பிய சொல். பழைய கிரேக்கத்தில் அதற்கு அடிமைப்பெண் என்று பொருள். சொல் அதன் கதையை மறைக்கவில்லை, நாம்தான் கேட்பதில்லை.

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெருவில் ஒருத்தி, எம்.காம். படித்தவள். தலைப்பிள்ளை பிறந்து பால் கட்டி, தூக்கமில்லாமல், எதற்கென்று தெரியாமல் அழுதுகொண்டிருந்த நாட்களில் குளிப்பாட்ட வந்த பாட்டிதான் அவளைத் தேற்றியது. காலை நீட்டி, பிள்ளையைக் காலில் கிடத்தி வெந்நீர் ஊற்றியபடியே, "நீ செத்த தூங்குத்தா, நான் பாத்துக்கிறேன்" என்றதாம். (பாட்டி சொன்னதெல்லாம் சரியில்லை. மூச்சுமுட்டும் சாம்பிராணிப் புகையை இவள் இப்போது யார் வீட்டிலும் அனுமதிப்பதில்லை.) மற்ற வீடுகளுக்கும் இப்படிப் போய் உட்கார வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பால் கொடுக்கும்போது பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று காட்ட, சோறு வடித்து வைக்க, புருஷன்காரனைத் துணி அலச வைக்க. அவள் அம்மாவின் பதில்: "நாலெழுத்துப் படிச்சிட்டு ஊரார் வீட்டுத் தீட்டுத்துணிய அள்ளப் போறியாக்கும்?"

அம்மாவைத் திட்டிவிடுவது எளிது. வேலைக்குப் பின்னாலிருக்கும் சாதிதான் அவரைப் பயமுறுத்தியது. மகளால் அந்தப் பயத்தைத் தாண்ட முடிந்ததற்கும் அவள் சாதியும் படிப்பும்தான் காரணம். வேண்டாம் என்று எழுந்துபோக முடிந்தவளுக்கு அது அழைப்பு, முடியாதவளுக்கு விதி. அழைப்பைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசத்தை நாம் விழுங்கிவிடுகிறோம்.

அரசும் இதில் சளைத்ததல்ல. 2005இல் தொடங்கிய ஊரக சுகாதார இயக்கத்தின் ஆஷா பணியாளர்கள், ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை வீட்டுக்குப் போய் ஆறு முறை பார்க்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து 42ஆம் நாள்வரை. 2022இல் உலக சுகாதார நிறுவனமே அவர்களுக்கு விருது கொடுத்தது. ஆனாலும் ஏட்டில் அவர்கள் 'தன்னார்வலர்கள்'. கிடைப்பது ஊக்கத்தொகை, சம்பளமல்ல. ஆர்வம் என்ற சொல்லை வைத்தே கூலியைக் குறைத்துவிடலாம்.

எங்கள் தெருக்காரி தொகையை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் இப்போது போகிறாள். "சேவைன்னு நெனச்சோமே" என்று சில வீடுகள் பின்வாங்கின. ஒரு வீட்டில் பாட்டியையும் கூட்டிப்போய், இருவருக்கும் ஒரே தொகை என்றிருக்கிறாள். உனக்குத் தருகிறோம், அதற்கென்ன என்றார்கள். பாட்டிக்கு எதற்கு, அது அவங்க பழக்கந்தானே.