வீட்டின் சாவி யாருடைய கைபேசியில்?

ஏசியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், யாரும் தொடாமலேயே அது அணைந்துவிடுகிறது. வாசற்கதவின் மின்னணுப் பூட்டுக்கு நேற்று இருந்த எண் இன்று செல்லவில்லை. அழைப்பு மணி அடிக்கிறது. திறந்து பார்த்தால் ஆள் இல்லை. அமெரிக்காவில் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்கள் சொன்ன இந்த அனுபவங்களை 2018 ஜூனில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் வெளியிட்டது. இத்தனையும் வீட்டைவிட்டுப் போன கணவனோ காதலனோ எங்கிருந்தோ கைபேசியில் விரல் தட்டிச் செய்த வேலை. அடித்தால் தழும்பு இருக்கும். இந்தக் கொடுமைக்குத் தடயமே கண்ணில் படாது. தங்களுக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ என்று சில பெண்கள் அஞ்சினார்கள்.

அதே 2018இல் இங்கிலாந்தில் ஒரு கணவனுக்கு 11 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வீட்டுச் சாதனங்களை இயக்குவதற்காகச் சுவரில் பொருத்தியிருந்த டேப்லெட்டின் ஒலிவாங்கி வழியே, பிரிந்து வாழ்ந்த மனைவி தன் தாயிடம் பேசியதை அவன் ஒட்டுக்கேட்டிருந்தான். பெற்ற தாயிடம் மனம்விட்டுச் சொன்ன சொல் அவன் காதுக்குப் போனது.

இந்தச் சாதனங்களுக்குத் தெரிந்த எஜமானர் ஒருவர்தான்: கணக்கைத் தொடங்கியவர். பெரும்பாலான வீடுகளில் சாதனத்தை வாங்கி, மாட்டி, தன் மின்னஞ்சலில் பதிவு செய்பவன் ஆண். திருமணம் முறிந்தாலும் அந்தக் கணக்கு முறிவதில்லை. அப்படியானால் வீடு யாருடைய சொல்லைக் கேட்க வேண்டும்? விலை கொடுத்தவன் சொல்லையா, உள்ளே வாழ்பவள் சொல்லையா?

இவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. கணவன் மனைவி வழக்கில் தீர்ப்புச் சொல்ல அவை நீதிமன்றம் அல்ல. ஒருவர் பேச்சை மட்டும் கேட்டு இன்னொருவரைக் கணக்கிலிருந்து நீக்கினால், அதே வழியைப் பிடித்துக் கொடுமைக்காரனே பெண்ணை வெளியே தள்ளிவிடலாம். இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பொருள்மீது உள்ள உரிமை, அதன் முன்னால் வாழும் மனிதர்மீது உரிமையாகிவிடாது. வீடு தன்னுடையது என்பதற்காக, வீட்டுக்காரர் குடியிருப்பவரின் படுக்கையறையை எட்டிப் பார்க்க முடியுமா? தவறு நேர்ந்தால் வரும் இழப்பையும் எடை போட வேண்டும். ஒருவனைத் தவறாக நீக்கினால், விசாரணை முடியும்வரை சில விளக்குகளும் ஒரு கேமராவும் அவன் கையில் இருக்காது. தவறாக அனுமதித்தால் ஓர் உயிரே போகலாம். ஆகவே முதலில் காப்பு, பிறகு விசாரணை என்பதே அறம்.

“சாதனத்தைப் பிடுங்கிப் போட்டுவிட வேண்டியதுதானே?” என்று எளிதாகக் கேட்டுவிடலாம். கேமரா அணைந்த மறுநொடியே அவனுக்குத் தெரிந்துவிடும். கொடுமைக்காரனின் பிடியிலிருந்து பெண் விலகும் வேளைதான் மிக ஆபத்தானது. அதனால்தான் உதவி அமைப்புகள் முதலில் பாதுகாப்புத் திட்டம் வகுத்துக்கொண்டு, பிறகே சாதனத்தில் கைவைக்கின்றன. அதன் பதிவுகள் நாளை நீதிமன்றத்தில் சான்றாகவும் உதவலாம். எதை எப்போது அணைப்பது என்ற முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 2022இல் வந்த சட்டம், குடும்பத்தார் பகிரும் கைபேசித் திட்டத்திலிருந்து தன் இணைப்பைப் பிரிக்கக் கோரும், கொடுமைக்கு ஆளானவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் அதைச் செய்து தரச் சொல்கிறது. கொடுமை செய்தவனின் சம்மதம் தேவையில்லை. இணைய வசதியுள்ள கார்களுக்கு இத்தகைய பாதுகாப்பைக் கலிபோர்னியா 2024இல் சட்டமாக்கியது. கைபேசிக்கும் காருக்கும் முடிந்தது கதவுக்கு முடியாதா? பிரிட்டனில் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்களுடன் சாதனங்களை விற்பதைத் தடுக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அது வெளியிலிருந்து வரும் திருடனைத்தான் தடுக்கும். இங்கே ஆபத்து, கடவுச்சொல் அறிந்தவனிடமிருந்து வருகிறது.

நியூயார்க்கில் கார்னெல் டெக் உயர்கல்வி நிறுவனம் நடத்தும் ஆலோசனை மையமும் பிரிட்டனின் ‘ரெஃப்யூஜ்’ அமைப்பும் இத்தகைய பெண்களுக்குத் துணை நிற்கின்றன. ஆனால் ஒவ்வொரு வீடாக அவிழ்க்கும் முடிச்சைச் சாதனம் உருவாகும் இடத்திலேயே போடாமல் இருக்கலாம். தொலைவிலிருந்து யாராவது பார்த்தாலோ கேட்டாலோ அந்த இடத்திலேயே அடையாளம் தெரிய வேண்டும். யார் எப்போது இயக்கினார் என்ற பதிவு, வீட்டில் வாழும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். கதவும் விளக்கும் கையால் இயக்கினாலும் இயங்க வேண்டும். பிரிந்து போனவரை நீக்க விரைவான வழி வேண்டும். இவற்றை விருப்பம்போல் சேர்க்கும் வசதிகளாக விடாமல், விற்பனைக்கான நிபந்தனையாக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை அக்கம்பக்கத்தாரும் உறவினரும் காவலரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. “வீட்டில் விளக்கு தானாக அணைகிறது, கதவு திறக்க மாட்டேன் என்கிறது” என்று ஒரு பெண் சொன்னால், அவளைச் சந்தேகிக்காதீர்கள். அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள்.