தலைக்குக் குளிக்க ஒரு ரூபாய்

மதுரை கே.கே. நகர் பெட்டிக்கடைகளில் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. ஒரு ரூபாய் கொடுத்தால் ஒன்றைக் கிழித்துத் தருவார்கள். பக்கத்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியுமுன் வந்து நின்று, வெயில் ஏறிய பிறகு வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிக்கிற பெண்ணுக்கு அதுதான் கட்டுபடியாகும். பாட்டிலுக்கென்று மொத்தமாக இருநூறு ரூபாய் எடுத்து வைக்க அவரால் முடியாது.

இந்த வசதி கடலூரில் பிறந்தது. சின்னி கிருஷ்ணனின் சிறு பொட்டல யோசனை வெல்வெட் ஷாம்புவாக வந்தது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலில் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைக் கிராமங்களுக்குக் கொண்டு போனார். பின்னாளில் அது ஐம்பது காசுக்கே கிடைத்தது. வசதியானவர்கள் வீட்டில் மட்டும் இருந்த ஒரு பொருள் கூலிக்காரர் வீட்டுக்கும் வந்தது. அதைச் சிறுமையாகப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் அந்த பாக்கெட்டின் ஆயுள் ஒரு குளியல். பல்லால் கடித்துத் துப்பிய மூலை நகக்கண் அளவுதான். எந்த விளக்குமாற்றிலும் சிக்காது. மெல்லிய பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய உறை என்பதால் பிரித்து உருக்க வழியில்லை, பழைய பேப்பர் கடையிலும் எடுக்க மாட்டார்கள். மழை பெய்தால் சாக்கடையோடு கிளம்பி வண்டியூர் கண்மாய்ப் பக்கம் போகிறது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டவற்றில் காது குடையும் பிளாஸ்டிக் குச்சி உண்டு. ஷாம்பு பாக்கெட் இல்லை.

உறைக்குள் இருப்பதிலும் 70 முதல் 80 சதவீதம் தண்ணீர்தான். அதை எடுத்துவிட்டால் கட்டி ஷாம்பு. பிரிட்டனில், பின்னாளில் லஷ் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் 1980-களின் இறுதியிலேயே இதைச் செய்து காட்டினார்கள். இப்போது நம் ஊரிலும் பலர் செய்கிறார்கள். அவற்றில் பல, காரமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய வெறும் சோப்பு. மதுரை போர் தண்ணீரில் அது செல்லாது. உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகி முடியில் படியும், சீப்பு இறங்காது. ஒருமுறை போட்டுப் பார்த்தவர் மறுபடி தொடமாட்டார்.

சரியான கட்டி ஷாம்பு சோப்பே அல்ல. தேங்காய் எண்ணெயிலிருந்து எடுக்கும் சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் போன்ற பொருள்கள் உப்புத் தண்ணீரில் பிசுக்காவதில்லை. தலைத்தோலுக்கு ஒத்த லேசான புளிப்புத் தன்மையிலும் நிற்கும். இதே இரண்டு குணமும் சீயக்காய்க்கு உண்டு. வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு சேர்த்துக் காயவைத்து மில்லில் அரைத்து, வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்தார்கள். தண்ணீரும் பிளாஸ்டிக்கும் கலக்காத தலைப்பொருள் நமக்குப் புதிதில்லை. ஆனாலும் அதைக் கைவிட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. காயவைக்க மாடி வேண்டும், அரைக்க ஒரு பொழுது வேண்டும், தூளை அலசி எடுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும். குழாயடியில் வரிசையில் நின்றவருக்கு இது மூன்றும் கிடையாது.

இன்று கடைகளில் 300 ரூபாய்க்கு, காகித அட்டையில், இயற்கை என்று எழுதி விற்கும் கட்டியும் அவரை எட்டவில்லை. கண்மாய்க்குப் போகும் உறைகளைக் குறைக்க வேண்டுமானால், பாட்டில் வாங்குகிறவரைவிட பாக்கெட் வாங்குகிறவரைத்தான் முதலில் நினைக்க வேண்டும். கற்பூர வில்லை அளவில், ஒரு குளியலுக்கு ஒன்றாக, மெழுகுக் காகிதத்தில் சுற்றிய வில்லை. இதில் சிக்கல்கள் உண்டு. அந்தத் தேங்காய்ச் சரக்கு குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத்தான் கரையும். சீக்கிரம் கரையும்படி செய்தால் ஐப்பசி ஈரத்தில் காகிதத்தோடு ஒட்டும். விலையும் பாக்கெட்டில் போகும் சரக்கைவிடக் கூடுதல். இவை ஆய்வுக்கூடத்தில் தீர்க்கக்கூடியவை. ஐம்பது காசுக்கு ஷாம்பு தர வழி கண்டுபிடித்த ஊர்க்காரர்கள் நாம். அந்த வில்லையை மாட்டுத்தாவணிக் கடைகளிலேயே வைத்து, போர் தண்ணீரில் நீள முடியை அலசுகிறவர்களிடமே கேட்டுக் கேட்டுத் திருத்தலாம்.