பழைய கார் விற்பனையும் மனச்சாட்சியும்

நம் ஊரில் கார் வைத்திருக்கிற குடும்பங்களுக்கு ஒரு நிரந்தரப் பகை உண்டு. அது உப்புக் காற்று. உப்பு ஈரத்தை இழுக்கும்; ஈரம் தகட்டின் மடிப்புக்குள் போய்த் தங்கும்; துரு உள்ளே பிறந்து மெல்ல வெளியே வரும். பெயிண்ட் குமிழியிட்டு எழும்பும்போதுதான் வீட்டுக்காரருக்குச் சங்கதி தெரியும். அதற்குள் உள்ளே பாதித் தகடு போயிருக்கும். நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுவதே சரியான வைத்தியம். ஆனால் குடிக்கவே தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக் கிடந்த ஊரில் காரை யார் குளிப்பாட்டுவது?

எங்கள் வீட்டில் 1986-ம் வருஷத்து அம்பாசிடர் ஒன்று இருந்தது. கல்கத்தா அருகே உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை செய்யப்பட்ட வண்டி அது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரே அதற்கு மூலம். என் தகப்பனார் 1991-ல் அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அதன் மீட்டரில் ஐந்தே இலக்கங்கள். 99,999-ஐத் தாண்டியதும் அது தன் வாழ்நாளையே மறந்து மீண்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். எங்கள் வண்டி அப்படி இரண்டு முறை பூஜ்யம் கண்டது. ஆனால் தகப்பனார் மறக்கவில்லை. ஒரு கோடு போட்ட நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைப்பார்: எந்தத் தேதியில் எண்ணெய் மாற்றியது, எப்போது கிளட்ச் பிளேட் போட்டது, எப்போது இஞ்சினைப் போர் செய்தது, பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு எவ்வளவு ஆயிற்று என்று. புதிதாக வாங்க வசதியில்லாதவன் பழையதைப் பேணி ஓட்டுவதில் ஒரு கண்ணியம் இருக்கிறது. இதைக் கஞ்சத்தனம் என்று சிரிக்கிறவர்கள் பெரும்பாலும் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்களே. இது நிற்க.

2004-ம் வருஷம் ஜனவரியில் மெக்கானிக் வண்டியை ஜாக்கியில் தூக்கித் தகப்பனாரை அடியில் படுத்துப் பார்க்கச் சொன்னார். லாரிக்கு இருப்பதுபோல் அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலும் அடித்தளமும் சேர்த்துப் பற்றவைத்த ஒரே கூடு. ஆகவே பின்பக்கத்து லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில் தகடு அரித்துப்போனால், அது அழகுக் குறை மாத்திரமன்று. பாரத்தோடு வேகமாய்ப் போகையில் உயிர்க் குறை. எங்கள் வண்டியில் விரலால் குத்தினால் உதிர்ந்தது. முறையாகச் செய்ய வேண்டுமானால் அந்தப் பாகத்தையே வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும். தகப்பனார் யோசித்துவிட்டு, மேலே ஒரு துண்டுத் தகடு வைத்துப் பற்றவைத்து, கறுப்பு பெயிண்ட் அடிக்கச் சொன்னார். அடுத்த மாதமே விற்பதாகத் தீர்மானம்.

வாங்க வந்தவர் குரும்பூர்ப் பக்கத்து வாலிபர். தாயாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் வண்டி வேண்டும் என்றார். ஓட்டிப் பார்த்தார், இஞ்சின் சத்தம் கேட்டார், கதவுகளைத் திறந்து மூடினார். கடைசியில், “வேற ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி?” என்று கேட்டார். தரகர் தகப்பனாரை முந்திக்கொண்டு வேறு பேச்சை எடுத்தார். தகப்பனார் வாய் திறக்கவில்லை. 42,000 ரூபாய் கைமாறியது. ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்தார். நோட்டைக் கொடுக்கவில்லை.

அவர் பொய் சொன்னாரா? நம்மில் பலர் இல்லை என்றே சொல்வோம். சட்டமும் ஓரளவு நம் பக்கம் நிற்பதுபோல் தோன்றும். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு, வெறும் மௌனம் வஞ்சகமாகாது என்கிறது. அதற்கு அது கொடுக்கும் உதாரணங்கள் நாம் நின்று பார்க்கத் தக்கவை. குதிரையின் நோயை அறிந்த ஒருவன் ஏலத்தில் அதை விற்கும்போது ஒன்றும் சொல்லவில்லை, அது வஞ்சகமன்று. ஆனால் வாங்குகிறவள் அப்போதுதான் வயதுக்கு வந்த அவனுடைய சொந்த மகளாக இருந்தால், சொல்வது அவன் கடமை. மூன்றாவது உதாரணம் இன்னும் கூர்மை. “நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்றே எடுத்துக்கொள்வேன்” என்று வாங்குபவன் சொல்ல, விற்பவன் சும்மா இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். குரும்பூர் வாலிபர் கேட்ட கேள்வி ஏறக்குறைய இதுதான் என்பது என் எண்ணம். வக்கீல்கள் வேறு விதமாய்ச் சொல்லக்கூடும்.

அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் 13-ம் நூற்றாண்டிலேயே தம் இறையியல் பெருநூலில், விற்பனையில் நடக்கும் ஏமாற்றைப் பற்றி ஒரு கேள்வி முழுவதையும் ஒதுக்கினார். அவரும் குதிரையைத்தான் எடுத்துக்கொள்கிறார். ஒற்றைக் கண் குதிரையை விற்பவன் குறையைக் கூறி முழங்க வேண்டியதில்லை. பார்ப்பவனுக்குக் கண் இருக்கிறது, விலையும் அதற்குத் தக்கபடி குறைந்தால் போதும். ஆனால் குறை மறைவானதாயும், வாங்குபவனுக்கு நஷ்டத்தையோ ஆபத்தையோ உண்டாக்கக்கூடியதாயும் இருந்தால், சொல்லாமல் விற்பது அநீதி. விற்றவன் ஈடு செய்யவும் கடமைப்பட்டவன். இந்த அளவுகோல் பழைய காருக்கு அப்படியே பொருந்துகிறது. கதவில் நெளிவு, கிழிந்த சீட், மங்கிய பெயிண்ட் எல்லாம் ஒற்றைக் கண். கறுப்பு பெயிண்டுக்குக் கீழே இருந்த துரு அப்படியன்று. அதிலும் அந்தப் பெயிண்ட் துருவைத் தடுக்க அடித்ததா, கண்ணை மறைக்க அடித்ததா என்பது அடித்தவருக்கே தெரியும்.

“வியாபாரம் என்றால் இரண்டு பக்கமும் துணிந்து இறங்குவதுதானே? நம் முன்னோர் சிப்பியைத் திறந்து பார்த்தா வாங்கினார்கள்?” என்று என் சிற்றப்பா ஒருவர் வாதித்தார். வலுவான வாதம் என்றுதான் முதலில் எனக்கும் பட்டது. நம் கடலில் கடைசியாக 1955 முதல் 1961 வரை முத்துச் சலாபம் நடந்தது. சிப்பியை ஆயிரக் கணக்கில் குவித்து, திறக்காமலே ஏலம் போடுவது வழக்கம். எடுத்தவனுக்கு மாளிகை வந்தாலும் வரலாம். அழுகல் நாற்றம் மட்டும் மிஞ்சினாலும் மிஞ்சலாம். ஆனால் அங்கே விற்றவனுக்கும் உள்ளே இருப்பது தெரியாது. கடலடியிலிருந்து அள்ளி வந்த குளியாளுக்கும் தெரியாது. இருவரும் ஒரே இருட்டில் நின்றார்கள். அதனால் அது நியாயமான சூது. சிப்பியை முன்னமே திறந்து பார்த்து, முத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி மூடி ஏலத்தில் வைத்திருந்தால் நம் தாத்தாமார் அவனை என்ன செய்திருப்பார்கள்? தகப்பனார் சிப்பியைத் திறந்து பார்த்தவர்.

இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளின் வாசலுக்கு வந்திருக்கிறது. சொந்தக் காரின் பதிவு 15 வருஷத்துக்கு. பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. எதற்கு வம்பு, தள்ளிவிடுவோம் என்று நினைப்பவர்கள் அதிகம். “தள்ளிவிடுவது” என்ற சொல்லையே கவனியுங்கள். யார் தலையில் தள்ளுகிறோம்? புது வண்டி வாங்க முடிந்தவன் நம்மிடம் வரப்போவதில்லை.

இனி நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அந்த வருஷம் ஜூலையில் பனிமய மாதா கோயில் திருவிழாக் கொடி ஏறியது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் தகப்பனார் நோட்டையும் 8,000 ரூபாயையும் எடுத்துக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். குரும்பூரில் அந்த வாலிபரைக் கண்டுபிடித்தோம். வீட்டு முற்றத்தில் கார் இல்லை. தகப்பனார் எல்லாவற்றையும் சொல்லிப் பணத்தை நீட்டினார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம், அவர் தலைகுனிந்தார். “மழைக்கு முன்னாலேயே ஒர்க்ஷாப்பில் பார்த்துச் சொல்லிட்டாங்க அண்ணாச்சி. நான் போன மாசமே வித்துட்டேன். வாங்கின விலைக்கே போச்சு. எனக்கு நஷ்டமில்லை, இந்தப் பணம் எனக்குச் சேராது” என்றார்.

“வாங்கினவரிடம் சொன்னீர்களா?” என்று தகப்பனார் கேட்டார்.

“நீங்க எனக்குச் சொல்லலியே” என்றார் அவர்.

அதற்குத் தகப்பனாரிடம் பதில் இல்லை. தரகரைப் பிடித்து விசாரித்ததில், வண்டி நாகர்கோவிலுக்குப் போய், அங்கிருந்தும் கைமாறிவிட்டது என்றார். யாரிடம் என்று அவருக்கும் தெரியவில்லை. தகப்பனார் இரண்டு முறை நாகர்கோவில் போய்வந்தார். அந்த 8,000 ரூபாய் நோட்டுக்குள்ளேயே வெகுகாலம் இருந்தது. அதற்குப் பிறகு எந்த ஊர்ச் சாலையிலும் வெள்ளை அம்பாசிடர் எதிரே வந்தால், அவர் பேச்சை நிறுத்திவிட்டு நம்பர் பிளேட்டைப் பார்ப்பார்.