‘லெட்’: தடையா? வழியா?

ஆதார வசனங்கள்: ரோமர் 1:13, அப். 28:30,31

 

ஆங்கிலத்திலே மூன்றே எழுத்தில் ஒரு சின்ன வார்த்தை உண்டு: ‘லெட்’. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் தெரியும். போக விடு, வர விடு என்கிறோமே, அந்த ‘விடு’தான் லெட். தெருவிலே ‘டு லெட்’ போர்டு தொங்கினால், வீடு வாடகைக்கு விடப்படும் என்று அர்த்தம். அங்கேயும் அதே ‘விடு’தான்.

ஆனால் 1611-ல் வெளிவந்த ஜேம்ஸ் ராஜா ஆங்கில வேதாகமத்திலே யாத்திராகமம் 5-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். முதல் வசனத்தில் கர்த்தர் தம்முடைய ஜனத்தைப் போகவிடும்படி பார்வோனுக்குச் சொல்லுகிறார், அங்கே ‘லெட்’. நாலாம் வசனத்தில் பார்வோன் மோசேயையும் ஆரோனையும் பார்த்து, ஜனங்களை வேலை செய்யவிடாமல் ஏன் தடுக்கிறீர்கள் என்று சீறுகிறான், அங்கேயும் ‘லெட்’! ஒன்று ‘விடு’, மற்றது ‘தடு’. ஒரே வார்த்தை எப்படி இரண்டையும் சொல்லும்?

பழைய ஆங்கிலத்திலே இவை இரண்டு வார்த்தைகள். ‘லேட்டன்’ என்றால் விடுவது. ‘லெட்டன்’ என்றால் தடுப்பது, தாமதப்படுத்துவது. பஸ் லேட்டு என்கிறோமே, அந்த ‘லேட்’ இந்த இரண்டாவது வார்த்தைக்குச் சொந்தக்காரன்! காலம் போகப்போக இரண்டும் தேய்ந்து ஒரே உச்சரிப்பாகிவிட்டது. தடுக்கிற ‘லெட்’ பேச்சிலிருந்தும் மறைந்தது. ஆனாலும் நம்ம இந்திய பாஸ்போர்ட்டிலே, இதை வைத்திருப்பவரைத் தடையில்லாமல் போகவிடுங்கள் என்று கேட்கிற ஆங்கில வாசகத்தில் அது இன்னும் இருக்கிறது. டென்னிஸிலே சர்வீஸ் பந்து வலையில் உரசி, கட்டத்துக்குள்ளே விழுந்தால் ‘லெட்’ என்பார்கள். பாயிண்ட் போகாது, மறுபடியும் சர்வீஸ் போடலாம். அல்லேலூயா!

இப்போ பவுலைப் பாருங்கள். ரோமாபுரிக்கு வர அநேகந்தரம் யோசித்தும் தடைபட்டேன் என்று ரோமர் 1:13-ல் எழுதுகிறார். பழைய ஆங்கிலத்தில் அங்கேயும் ‘லெட்’தான். தடுத்தது யார்? தெசலோனிக்கேயாவுக்குப் போகவிடாமல் தடுத்தவன் சாத்தான் (1 தெச. 2:18). ஆசியாவிலே வசனம் சொல்லவிடாமல் தடுத்தவர் பரிசுத்த ஆவியானவர் (அப். 16:6). ரோமாபுரிக்குப் போகமுடியாமல் தடுத்ததோ, கிறிஸ்துவின் நாமம் சொல்லப்படாத இடங்களில் செய்த ஊழியமே (ரோமர் 15:20-22). ஆகவே, பிரியமானவர்களே, எல்லாத் தடைக்கும் பிசாசைத் திட்டாதீர்கள். எல்லாத் தடையையும் தேவசித்தம் என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்காரவும் வேண்டாம். ஆண்டவரே, இது எந்தத் தடை என்று முழங்காலில் கேளுங்கள்.

சரி, பவுல் ரோமாபுரி போய்ச் சேர்ந்தாரா? சேர்ந்தார். எப்படி? எருசலேமில் பிடிபட்டு, செசரியாவில் இரண்டு வருஷம் காவலில் இருந்து, கப்பல் உடைந்து, சங்கிலியோடு! அங்கே வாடகை வீட்டில் இரண்டு வருஷம் முழுவதும் தங்கி, வந்தவர்களுக்கெல்லாம் தேவனுடைய ராஜ்யத்தைப் பிரசங்கித்தார். அப்போஸ்தலர் புஸ்தகத்தின் கடைசி கிரேக்க வார்த்தை என்ன தெரியுமா? ‘அகோலூட்டோஸ்’, தடையில்லாமல்! ரோமர் 1:13-ல் தடைபட்டேன் என்று சொன்ன அதே வேரிலிருந்து பிறந்த வார்த்தை.

கவனியுங்கள். சங்கிலி கழன்றதா? அப்படி எழுதியிருக்கவில்லை. காவல் சேவகன் போனானா? அதுவும் இல்லை. ஆனாலும் சுவிசேஷத்துக்குத் தடையில்லை!

கல்யாணம் தள்ளிப்போகிறதே என்று அழுகிற தகப்பனே, வேலைக்கு எழுதி எழுதிச் சோர்ந்துபோன தம்பி, சுகத்துக்காகக் காத்திருக்கிற தாயே! உங்கள் சங்கிலி இன்றைக்கே கழன்றுவிடும் என்று நான் நாள் குறிக்கமாட்டேன். ஆனால் அந்தச் சங்கிலியோடேயே தேவன் உங்களை உபயோகப்படுத்த முடியும். தாம் செய்வதைத் தடுக்க யாரால் ஆகும் என்று ஏசாயா 43:13-ல் கேட்கிறவர் அவரே. காத்திருக்கிற வீட்டிலே ஜெபம் நிற்க வேண்டாம். வருகிறவர்களுக்குச் சாட்சி சொல்லுங்கள்.

லேட் ஆகலாம். ஆனால் அவர் கைவிடமாட்டார்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்!