பிறப்பா? பிணைப்பா?

பதினைந்து வயதுப் பையன். பள்ளிக்கு மட்டம் போடுகிறான், கேட்டால் சீறுகிறான், பெட்டியிலிருந்த பணத்தையும் எடுத்துவிட்டான். "பிறவிக்குணம்" என்கிறார் பெரியவர். "ஏழரைச் சனி" என்கிறார் சோதிடர். "காற்றுக் கருப்பு" என்று வேப்பிலை தேடுகிறார் கோடாங்கி. "தோலை உரிக்கிறேன்" என்கிறார் தந்தை. நால்வரும் தீர்ப்பளித்துவிட்டனர், பையனை விசாரித்தவர்தான் எவருமில்லை!

விசாரித்தார் ஒருவர், இங்கிலாந்திலே. ஜான் பௌல்பி எனும் மனநல மருத்துவர், திருடிய சிறார் 44 பேரைப் பற்றிய ஆய்வினை 1944-இல் வெளியிட்டார். அவர்களிலே எவரிடமும் பாசமற்று நடந்தோர் 14 பேர். அந்தப் பதினால்வரில் பன்னிருவர், சின்னஞ்சிறு வயதிலே தாயை நெடுநாள் பிரிந்தவர்கள்! சனி அல்ல, பிரிவு! மேரி எயின்ஸ்வொர்த் அம்மையார், 1954-55இல் உகாண்டா நாட்டுச் சிற்றூர்களிலே தாய்மாரையும் சேய்களையும் கண்டாராய்ந்தார். ஓடிவந்து ஒண்டிக்கொள்ள உறுதியானதொரு மடி உண்டென்று அறிந்த குழந்தையே, அந்த மடிவிட்டு இறங்கி அச்சமின்றி உலகைத் துழாவுகிறது என்றுரைத்தார்.

பின்வந்த ஆய்வுகளும், இந்தப் பிணைப்பு உறுதியற்ற பிள்ளைகளிடையே முரட்டுத்தனமும், பதற்றமும், மனச்சோர்வும் கூடுதலாகத் தலைகாட்டுவதைக் கூறுகின்றன. ஆனால், தோழர்களே, இது தலையெழுத்தன்று! வறுமை, வன்முறை, பள்ளியிலே படும் இழிவு ஆகியனவும் சேர்ந்தே பிள்ளையை உருவாக்குகின்றன. இளமையிலே அறுந்த நூலைப் பின்னரும் முடியலாம்.

"அப்படியானால் குற்றவாளி தாய்தானே? பெண்ணே, அடுப்படிக்குத் திரும்பு!" என்று கூவுவோர் உண்டு. இராசபாளையத்து நூற்பாலையிலே இரவு முறை முடித்துத் திரும்பும் தாய், பிள்ளையை மறந்தவளா? பிள்ளைக்காகக் கண்விழித்தவளல்லவா! பகலெல்லாம் வீட்டிலிருந்தும் மகனோடு ஒரு சொல் பேசாத தந்தையை ஏன் எவரும் கேட்பதில்லை?

அண்டையிலுள்ள திருவில்லிபுத்தூரைப் பாருங்கள். துளசித் தோட்டத்திலே கிடந்த குழந்தையை எடுத்துப் பெரியாழ்வார் வளர்த்தார், அவளே ஆண்டாள் என்பது பக்தர் கூறும் கதை. மண்ணிலே மகவு முளைத்ததென்பதை நாம் ஏற்கவில்லை. எனினும் கதைக்குள்ளே ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. வளர்த்தவர் பெற்றவருமல்லர், பெண்ணுமல்லர்! தாயின் குரலிலே தாலாட்டுப் பாடிய ஆண் அவர். பக்தரே போற்றும் அந்த உறவுக்கு இரத்தம் தேவைப்படவில்லை, குலம் தேவைப்படவில்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுவோர் இதனைச் சிந்திக்கட்டும்!

தவறினைத் தவறென்று சொல்வோம். எடுத்த பணத்தைத் திருப்பித் தரச் செய்வோம். ஆனால் கையை உதறிவிட்டு யாரையும் கரையேற்ற முடியாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், சிறாரை இல்லத்தில் அடைப்பது இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும் என்கிறது. சட்டம் கண்ட தெளிவு வீட்டுக்கும் வரவேண்டாமா?

இளைஞர்களே! உங்கள் தெருவிலும் இருப்பான், ஊரார் 'உருப்படாதவன்' என்று ஒதுக்கிய ஒருவன். படிப்பகத்துக்கு அழையுங்கள். பேசவிடுங்கள். நாளையும் வரச்சொல்லுங்கள். அவன் சீறினாலும், மறுநாள் நீங்கள் அங்கே இருங்கள். இருப்பதே மருந்து!