இலவச மருந்துக்கு நாம் வைக்கும் விலை



பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அயல் வீட்டுக்குக் கேட்கும்படியாகவே பேசுகிறோம். "இரண்டு நாளாய்ச் சோறு தண்ணி இல்லை" என்கிறோம். கொத்தமல்லி அவித்துக் கொடுக்க ஒருத்தி வருவாள். ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோ பிடித்துத்தர இன்னொருவர் வருவார். அதே பிள்ளை மூன்று கிழமையாக இரவில் உறங்காமல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால் என்ன செய்கிறோம்? யன்னலைச் சாத்துகிறோம். கேட்டு வருகிறவர்களிடம், "அவன் கொழும்புக்குப் போய்விட்டான்" என்கிறோம்.

உடல் நோய்க்கு அயலார் துணை. மனநோய்க்கோ அயலாரே பயம். இந்த வேறுபாட்டை உண்டாக்கியவர் யார்? கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து இக்கேள்வியைச் சற்றுச் சிந்திப்போம்.

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கடலோரமாக ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் நிலம் அது. ஓர் ஊர் முஸ்லிம் மக்களுடையது. அடுத்த ஊர் தமிழருடையது. பேசுவது ஒரே மொழி. பட்ட துயரும் ஏறத்தாழ ஒன்றே. 1990 ஆம் ஆண்டிலே கிழக்கில் இரு சமூகத்தாரும் தத்தம் பிணங்களைச் சுமந்தார்கள். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் எழுந்து வந்தபோது இந்நாட்டில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 இல் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்துச் சிறுவர்கள் மடிந்தார்கள். ஐந்து நாட்களின் பின் சாய்ந்தமருதில் ஒரு வீட்டினுள் நிகழ்ந்த மோதலிலும் வெடிப்பிலும் குழந்தைகள் இறந்தார்கள். இத்தனைக்கும் பிறகு மனிதர் எல்லோரும் நன்றாக உறங்குகிறார்கள் என்று எண்ணினால் அது நமது பேதைமை.

மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு தாயைக் கற்பனை செய்து பாருங்கள். கடல் கொண்டுபோன பிள்ளையை நினைத்து, ஒருநாள் தறியை விட்டு எழுந்தவள் பிறகு அதில் உட்காரவேயில்லை. சமைப்பதில்லை, பேசுவதில்லை, குளிக்கவும் பிறர் சொல்லவேண்டும். ஊதிப் பார்த்தார்கள், நூல் கட்டினார்கள், செய்வினை என்றார்கள். நம்முடைய பக்கத்திலும் இதுவே நடக்கிறது. கோவிலுக்குக் கோவில் நேர்த்தி. பரிகாரிக்குப் பரிகாரி தட்சணை. நகையும் அடகுக்குப் போய்விடுகிறது. "வைத்தியத்துக்குக் காசில்லை" என்று சொல்லும் குடும்பமே இத்தனையும் செலவழித்திருக்கும்.

உண்மை நிலை என்ன? அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். 1951 இல் எடுத்த முடிவின் பலன் அது. ஆயினும் நெடுங்காலமாக மனநோய்க்கு வைத்தியம் என்றால் அங்கொடை என்றே பொருள். கரையோரத்துக் குடும்பம் நோயாளியைக் கூட்டிக்கொண்டு நாட்டின் மறுகரைக்குப் போகவேண்டும். சுனாமிக்குப் பின் இது மாறத் தொடங்கியது. 2005 ஒக்டோபரில் அரசாங்கம் மனநலக் கொள்கையொன்றை ஏற்று, மாவட்டந்தோறும் சேவையைக் கொண்டுசெல்ல முற்பட்டது. மனநலத்துக்கெனப் பயிற்றப்பட்ட வைத்திய அதிகாரிகள் ஊர்ப்புற வைத்தியசாலைகளுக்கு வந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2013 இல் வெளியிட்ட நூலின்படி, சுனாமிக்கு முன் 10 மாவட்டங்களில் மாத்திரம் இருந்த மனநல சேவை, 27 சுகாதார மாவட்டங்களுள் 20 இற்கு விரிந்திருந்தது. இன்று கல்முனையில் உள்ளவருக்கு அங்கொடை தேவையில்லை. தன் ஊர் ஆதார வைத்தியசாலையிலேயே தொடங்கலாம்.

எப்படித் தொடங்குவது? மிக எளிது. அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்று, மனநலக் கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். நோயாளியோடு அவரை நன்கறிந்த ஒருவர் போகவேண்டும். உறக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எப்போது தொடங்கியது, முன்பு என்ன மருந்து எடுத்தார் என்பவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய மருந்துச் சீட்டு இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். மனச்சோர்வுக்குரிய மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமை பிடிக்கும். நாலாம் நாளே "சரிவரவில்லை" என்று எறிந்துவிடாதீர்கள். சுகம் கண்டதும் தாமாகவே நிறுத்திவிடுவதும் பெரும் பிழை. வைத்தியசாலையில் ஏதேனும் மருந்து இல்லையென்றால், 2022 இன் நெருக்கடியில் அப்படி நேர்ந்தது, வெளியே வாங்கக்கூடிய மலிவான மாற்று மருந்து எதுவென்று வைத்தியரிடமே கேளுங்கள்.

யாரேனும் சாவைப்பற்றிப் பேசினால் அவரைத் தனியே விடவேண்டாம். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பொலிசுக்குப் பயந்து மறைக்கவேண்டியதில்லை. 1998 முதல் தற்கொலை முயற்சி இந்நாட்டுச் சட்டத்தில் குற்றமன்று. இரவோ பகலோ 1926 என்னும் தேசிய மனநல இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசலாம்.

ஆக, மருந்து உண்டு; வைத்தியர் உண்டு; கட்டணமில்லை. பின் ஏன் அந்தத் தாய் வீட்டினுள்ளேயே இருக்கிறாள்? கிளினிக் வாங்கிலே தெரிந்தவர் கண்டுவிடுவார் என்பதற்காக. அந்தப் பயத்தாலே கல்முனையிலுள்ளவர் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்திலுள்ள மட்டக்களப்புக்கு பஸ் ஏறவும் துணிவார். பஸ் செலவும் ஒருநாட் கூலியும் போகின்றன. ஒவ்வொரு மாதமும் அப்படிப் போக முடியாமல் ஒருநாள் மருந்தே நின்றுவிடுகிறது. அரசாங்கம் இலவசமாகத் தந்ததற்கு இந்த விலையை வைத்தவர் யார்? நாமே. நமது பார்வையும், "அவளுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டதாம்" என்ற நமது சிரிப்பும் சேர்ந்து அந்த விலையை நிர்ணயிக்கின்றன.

இதற்கு இரண்டு மறுப்புகள் கூறப்படுவதுண்டு. முதலாவது, "செபம் போதாதா? மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு அல்லவா?" என்பது. சீராக் ஆகமத்தின் 38 ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். நோயில் செபிக்கவும் சொல்கிறது. வைத்தியருக்கு இடம் கொடுக்கவும் சொல்கிறது. மருந்தை மண்ணிலிருந்து தந்தவர் ஆண்டவரே என்கிறது. நோய்க்கு வைத்தியம் செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் பணித்ததாக நம் முஸ்லிம் அயலாரும் சொல்வார்கள். நீரிழிவுக்காரர் மாத்திரை விழுங்கும்போது யாரும் அவர் விசுவாசத்தை அளப்பதில்லையே! மூளையும் ஆண்டவர் படைத்த உறுப்புத்தானே?

இரண்டாவது மறுப்புக் கடினமானது. "தங்கைமாருக்குச் சம்பந்தம் வராது" என்பது. இது வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையாகவே சம்பந்தம் கலைகிறது. ஒருவரின் நோயைத் தெருவெங்கும் சொல்லவேண்டுமென்று எந்த அறமும் கேட்கவில்லை; நோயாளியின் மானத்தைக் காப்பதும் அன்பே. ஆனால் மானத்தைக் காப்பது வேறு, மருந்தை மறுப்பது வேறு. தங்கையின் கலியாணத்துக்காக அண்ணனை அறையிற் பூட்டி வைப்பது, ஒரு பிள்ளையை விற்று இன்னொரு பிள்ளைக்குச் சீதனம் தேடுவது போன்றது. அந்தப் பெற்றோரைக் குற்றஞ்சொல்லுமுன் நம்மை நாமே கேட்போம்: பெண் பார்க்கப் போகும்போது, "அவர்கள் குடும்பத்தில் யாருக்காவது..." என்று காதோடு காதாக விசாரிப்பவர் யார்?

பெல்ஜிய நாட்டிலே ஹேல் என்றொரு ஊர் உண்டு. மனநோயாளரின் பாதுகாவலியான புனித டிம்ப்னாவின் ஆலயம் அங்கே உள்ளது. இடைக்காலத்திலே அவ்வாலயத்துக்கு வந்த நோயாளர் தொகை பெருகவே, ஊரார் அவர்களைத் தம் வீடுகளில் ஏற்றார்கள். அவ்வழக்கம் நூற்றாண்டுகளாக நீடித்து இன்றும் நிலைக்கிறது. 1930களின் இறுதியில் 3,700 பேருக்கு மேல் அவ்வூர்க் குடும்பங்களோடு வாழ்ந்தார்கள். அவ்வூரார் அவர்களை நோயாளர் என்று அழைப்பதில்லை. தம் வீட்டில் தங்குவோர் என்றே சொல்வார்கள். அவர்கள் பெரும் பண்டிதர்களல்லர், பெரும்பாலும் கமக்காரர். சோற்றுக் கோப்பையைப் பகிர்ந்தார்கள், வயலுக்குக் கூட்டிச் சென்றார்கள், வெட்கப்படாதிருந்தார்கள். பிறர் வீட்டாருக்கு அவர்கள் செய்ததை நம் சொந்த வீட்டாருக்கு நாம் செய்ய முடியாதா?

அன்பரே, இதற்குப் பெரிய நிதியும் சங்கமும் வேண்டாம். அடுத்த முறை யாராவது ஒரு குடும்பத்தைப் பற்றிச் சிரிக்கும்போது நீங்கள் சிரிக்காதிருங்கள். "கிளினிக்குக்கு நானும் வருகிறேன், வாங்க" என்று ஒரு தாயிடம் சொல்லுங்கள். வாங்கிலே உங்கள் பக்கத்தில் முக்காடிட்ட ஓர் உம்மா தன் மகனோடு இருப்பாள். அவளும் நீங்கள் தன்னைக் கண்டுவிட்டீர்களே என்று தலைகுனிவாள். "எத்தனையாம் இலக்கம், ராத்தா?" என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.